எஸ்.எஸ்.டி.ல ஒரு உபுண்டு, ரெண்டு கம்ப்யூட்டர்

தினேஷ்: சித்தப்பா, கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டுற விர்ச்சுவல்பாக்ஸ்ல இருக்கிற உபுண்டு லினக்ஸை வெளி டிஸ்க்ல வெச்சு விண்டோஸ் டெஸ்க்டாப்லயும் லினக்ஸ் லேப்டாப்லயும் மாத்தி மாத்தி ஓட்டணும். பென்டிரைவ் போதுமா?

சரவணன் சித்தப்பா: பென்டிரைவ் வேணாம்டா. பெரிய ஃபைல் காப்பி பண்றப்ப வேகமாத்தான் தெரியும். வி.எம்., அதான் அந்த உள் கம்ப்யூட்டர், ஓடுறப்ப சின்னச் சின்னதா அங்கங்க எழுதிக்கிட்டே இருக்கும், அதுலதான் திணறும். யு.எஸ்.பி. 3 எஸ்.எஸ்.டி. எடு.

மலர் அக்கா: எஸ்.எஸ்.டி.யை எக்ஸ்ஃபேட்ல (exFAT) ஃபார்மேட் பண்ணு. ஃபேட்32ல ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது, வி.எம்.மோட டிஸ்க் ஃபைலான வி.டி.ஐ. வளர்ந்து அங்க முட்டி நின்னுடும். எக்ஸ்ஃபேட் லினக்ஸோட மையமான கர்னல்ல 5.4லேர்ந்து உள்ளேயே இருக்கு, தனியா எதுவும் போட வேண்டாம்.

மலர் அக்கா: ஆனா அதுல ஜர்னல், அதான் எழுதுறது பாதியில நின்னா சரிபண்ண உதவுற குறிப்பு, கிடையாது. எஜெக்ட் பண்ணாம புடுங்கினா வி.டி.ஐ.யே கெட்டுப்போகலாம். முதல்ல வி.எம்.மை ஷட்டவுன், அப்புறம் விர்ச்சுவல்பாக்ஸை மூடு, அப்புறம் எஜெக்ட்.

தினேஷ்: வி.எம்.மை ஒரே ஃபைலா கட்டுற ஓ.வி.ஏ.வா எக்ஸ்போர்ட் பண்ணணுமாக்கா?

மலர் அக்கா: ஒரே தடவை மாத்துறதுக்குத்தான் அது. தினமும் எக்ஸ்போர்ட் இம்போர்ட்னு உட்கார முடியாது, ஸ்னாப்ஷாட்டும் (நடுவுல பதிஞ்சு வெச்ச நிலை) கூட வராது. வி.எம். மேல ரைட் கிளிக், மூவ் குடுத்து எஸ்.எஸ்.டி. ஃபோல்டரைக் காட்டு. லேப்டாப்ல மெஷின் மெனு, ஆட், அதே ஃபோல்டர்ல இருக்கிற .விபாக்ஸ் ஃபைல். அவ்வளவுதான்.

சரவணன் சித்தப்பா: வி.டி.ஐ.யை மட்டும் கையால காப்பி பண்ணி அதே விர்ச்சுவல்பாக்ஸ்ல சேர்க்காதே. ரெண்டுக்கும் ஒரே யு.யு.ஐ.டி. (டிஸ்க்கோட அடையாள எண்), ஏத்துக்காது. நகல் வேணும்னா க்ளோன் குடு.

தினேஷ்: ஷட்டவுன் எதுக்கு? ஓடிக்கிட்டிருக்கிற ஸ்டேட்டை (நிலையை) அப்படியே சேவ் பண்ணிட்டு அங்க போய் தொடர முடியாதா?

சரவணன் சித்தப்பா: அதைத்தான் செய்யவே கூடாது. சேவ் பண்ற ஸ்டேட்டுக்குள்ள அந்த மெஷினோட சி.பி.யு. விவரமும் இருக்கு. இன்டெல்ல சேவ் பண்ணினதை ஏ.எம்.டி.ல திறந்தா மறுத்துடும். வேற தலைமுறை இன்டெல்லும் மறுக்கலாம். அப்புறம் அந்த ஸ்டேட்டை டிஸ்கார்ட் பண்றது, அதான் தூக்கிப் போடுறது, ஒண்ணுதான் வழி. அது ஓடுற மெஷினோட பவர் வயரைப் புடுங்கின மாதிரி, சேவ் பண்ணாதது எல்லாம் போச்சு. ஓடுறப்ப எடுத்த ஸ்னாப்ஷாட்டுக்கும் இதே கதைதான், எடுக்கணும்னா ஷட்டவுன் பண்ணிட்டு எடு.

மலர் அக்கா: நெட்வொர்க்கை நாட்ல (NAT) வை, வெளி கம்ப்யூட்டரோட இணைப்பு வழியாவே வி.எம். நெட்டுக்குப் போகும். நெட்வொர்க் கார்டோட நேரா இணைக்கிற பிரிட்ஜ்டு போட்டா அந்த மெஷினோட வைஃபை கார்டு பேர் செட்டிங்ஸ்ல பதிஞ்சிடும், அடுத்ததுல அந்தக் கார்டைக் காணோம்னு நிக்கும். வெளியிலேர்ந்து வி.எம்.முக்குள்ள டெர்மினல்ல நுழைய எஸ்.எஸ்.எச். வேணும்னா போர்ட் ஃபார்வர்டிங்: ஹோஸ்ட் (வெளி கம்ப்யூட்டர்) 2222, கெஸ்ட் (வி.எம்.) 22.

மலர் அக்கா: ஷேர்டு ஃபோல்டரும் அப்படித்தான். விண்டோஸ்ல குடுத்த பாதை லினக்ஸ்ல இருக்காது. வேலை ஃபைலை வி.எம்.முக்குள்ளயே வெச்சுக்கோ.

தினேஷ்: ரேம்? லேப்டாப்ல 8 ஜிபி, டெஸ்க்டாப்ல 16

சரவணன் சித்தப்பா: சின்னதைப் பார்த்துக் குடு. 4 ஜிபி, ரெண்டு கோர். டெஸ்க்டாப்ல கூட்டிட்டு வந்தா லேப்டாப்ல குறைக்க மறந்துடுவே.

மலர் அக்கா: விர்ச்சுவல்பாக்ஸ் ரெண்டுலயும் ஒரே வெர்ஷனா இருக்கணும். புதுசுல செட்டிங்ஸ் ஃபைல் புது வடிவத்துக்கு மாறிட்டா பழசு திறக்காது.

தினேஷ்: டெஸ்க்டாப்ல இப்பவே ரொம்ப ஸ்லோக்கா. கீழ ஓரத்துல பச்சை ஆமை வருது

மலர் அக்கா: 😄 விண்டோஸோட சொந்த வி.எம். வசதியான ஹைப்பர்-வி ஓடுதுன்னு அர்த்தம். சி.பி.யு.ல வி.எம்.மை வேகமா ஓட்ட இருக்கிற வி.டி.-எக்ஸ்ஸை அது புடிச்சு வெச்சிருக்கு, விர்ச்சுவல்பாக்ஸ் அது மேல ஏறி ஓடுது. விண்டோஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன்ல மெமரி இன்டெக்ரிட்டியை ஆஃப் பண்ணு. பிசிடிஎடிட் (bcdedit) கமாண்ட்ல ஹைப்பர்வைசர்லாஞ்ச்டைப்பையும் (hypervisorlaunchtype) ஆஃப் பண்ணி ரீஸ்டார்ட் குடு.

சரவணன் சித்தப்பா: விண்டோஸுக்குள்ள லினக்ஸ் ஓட்டுற டபிள்யூ.எஸ்.எல். 2 வெச்சிருந்தா அது நின்னுடும், பார்த்துக்கோ. மெமரி இன்டெக்ரிட்டி பாதுகாப்புக்கு இருக்கிறது, வேகம் தாங்கும்னா நான் கை வைக்க மாட்டேன்.

சரவணன் சித்தப்பா: லேப்டாப்ல கர்னல் 6.12லேர்ந்து மேலன்னா இன்னொண்ணு வரலாம். லினக்ஸோட சொந்த வி.எம். வசதியான கே.வி.எம். மாட்யூல் ஏறினதுமே வி.டி.-எக்ஸ்ஸைப் புடிச்சுக்கும், விர்ச்சுவல்பாக்ஸ் வி.எம்.எக்ஸ். ரூட் மோடுன்னு எரர் காட்டலாம். காட்டினா கே.வி.எம். இன்டெல் மாட்யூலை இறக்கிட்டு ஸ்டார்ட் பண்ணு.

தினேஷ்: அட்மின் பாஸ்வேர்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல?

மலர் அக்கா: விர்ச்சுவல்பாக்ஸ் கர்னல் டிரைவர் போடணும், அட்மின் இல்லாம ஆகாது. இன்னொரு வி.எம். சாஃப்ட்வேரான க்யூ.இ.எம்.யு.வை ஃபோல்டர்லேர்ந்தே ஓட்டலாம், ஆனா முடுக்கம் இல்லாம மொத்த சி.பி.யு.வையும் மென்பொருள்லயே நடிக்கும். டெர்மினல் வேலைக்குச் சரி, டெஸ்க்டாப் திறந்தா நகராது.

தினேஷ்: மூவ் ஓடுதுக்கா, 40% 👍

மலர் அக்கா: முடிஞ்சதும் டிஸ்க் மேனேஜ்மென்ட்ல எஸ்.எஸ்.டி.க்கு நிலையா ஒரு டிரைவ் எழுத்து குடு. எழுத்து மாறினா வி.எம். "இனாக்சசிபிள்"னு காட்டும். பதறாம ரிமூவ் குடு. அப்புறம் திரும்ப ஆட் பண்ணிக்கோ. டிலீட் ஆல் ஃபைல்ஸ்னு ஒரு பட்டன் வந்தா மட்டும் அது பக்கம் போகாதே.