இருபடி வரைபுக்கு அட்டவணை போதுமா, வர்க்கப்பூர்த்தியும் வேணுமா?

மூணாம்பெஞ்ச்:
தங்கச்சி இந்த வருஷம் ஓ லெவல் பரீட்சை. கிளாஸ்ல இருபடிச் சார்புக்கு அட்டவணை நிரப்பு, புள்ளி குறி, கோட்டைக் கீறு, அவ்வளவுதான்னு முடிச்சுட்டாங்களாம். வர்க்கப்பூர்த்தி, அதாவது சார்பை (எக்ஸ் − எ)² + பி மாதிரி மாத்தி எழுதுறது, அந்தப் பக்கமே போகல. இது பெரிய பிழைன்னு நான் சொல்றேன், நீங்க என்ன சொல்றீங்க?

ஹட்டன்_கணக்கு:
பிழைன்னு சொல்லிட்டுப் போறது லேசு தம்பி. ரெண்டாம் பேப்பர்ல அந்தக் கேள்விக்கு 10 புள்ளி. அட்டவணைல ஒரு கட்டம் வெறுமையா இருக்கும், அத நிரப்பி கிராப் தாள்ல கீறுனா சமச்சீரச்சு (வரைப சரிபாதியா பிரிக்கிற கோடு), இழிவுப் பெறுமானம் (வரைபோட அடி), மூலம் (எக்ஸ் அச்சை வெட்டுற இடம்) எல்லாத்தையும் பார்த்தே எழுதிடலாம். பின்னத்தக் கண்டாலே கொப்பிய மூடுற புள்ளைகிட்ட போய் குணகத்துல பாதிய எடு, வர்க்கி, கூட்டு, கழின்னு சொன்னா நாளைக்கு கிளாசுக்கே வராது.

மூணாம்பெஞ்ச்:
சரி சேர், எக்ஸ்² − 3எக்ஸ் + 1 எடுங்க. எக்ஸுக்கு 0, 1, 2, 3 போட்டா 1, −1, −1, 1 வரும். தங்கச்சி என்ன செஞ்சா தெரியுமா, நடுவுல இருக்குற ரெண்டு −1ஐயும் அடிமட்டம் வச்சு நேரா இழுத்துட்டு இழிவுப் பெறுமானம் −1ன்னு எழுதிட்டா. அடி தட்டையா இருக்கு, பார்க்க சட்டி மாதிரி. (எக்ஸ் − 1.5)² − 1.25ன்னு மாத்தத் தெரிஞ்சிருந்தா, வர்க்கம் பூச்சியத்துக்குக் கீழ போகாது, அதனால −1.25தான் அடின்னு கீறாமலே சொல்லியிருப்பா.

ஹட்டன்_கணக்கு:
அதுக்கு வர்க்கப்பூர்த்தி எதுக்கு? 1லயும் 2லயும் ஒரே பெறுமானம், அப்ப அச்சு நடுவுல, 1.5. அத பிரதியிட்டா 2.25 − 4.5 + 1, −1.25 வந்துடுச்சு. சமச்சீரை ஒழுங்கா சொல்லிக் குடுத்தாலே போதும்.

பண்டாரவளை_அக்கா:
சமச்சீர் விஷயத்துல நான் சேர் பக்கம். என் மகன் −எக்ஸ்² + 2எக்ஸ் + 3க்கு −1ஐப் போட்டு 2ன்னு எழுதியிருந்தான், முன்னால இருக்குற கழித்தல வர்க்கத்துக்குள்ள விழுங்கிட்டு. அச்சு 1, அப்ப −1க்கு ஜோடி 3, அங்க 0 வருது, இங்க மட்டும் எப்படிடா 2ன்னு கேட்டேன், அவனே அழிச்சுட்டு 0 போட்டான். ஆனா சார்பு மறையாவும் (பூச்சியத்துக்குக் கீழ) கூடிக்கிட்டும் இருக்குற ஆயிடைய (எக்ஸ் எதுல இருந்து எது வரைக்கும்னு) எழுதுன்னு கேட்டா இன்னும் முழிக்கிறான். எக்ஸ்² − 4எக்ஸ் + 3ல அது 2க்கும் 3க்கும் இடையில. 1க்கும் 3க்கும் இடையிலன்னு எழுதுறான், பாதி தூரம் கோடு கீழதான இறங்குதுன்னு பார்க்கவே மாட்டேங்கிறான்.

எல்ல_பையன்:
புள்ளைங்கள தெமோதர 9 வளைவுப் பாலத்துக்குக் கூட்டிட்டுப் போய் காட்டுங்க, 1921ல இருந்து பரவளைவு (இருபடி வரைபோட வடிவம்தான்) அங்கயே நிக்குது 😀

பண்டாரவளை_அக்கா:
தம்பி அது வட்டத்துல வெட்டுன துண்டு மாதிரி இருக்கு, பரவளைவு இல்ல. பந்தை சரிவா எறியுங்க, காத்தைக் கணக்குல எடுக்காட்டி அது போற பாதைதான் பரவளைவு.

மூணாம்பெஞ்ச்:
பாலத்த விடுங்க. சேர், 2எக்ஸ்² − 3எக்ஸ். −1, 0, 1, 2க்கு 5, 0, −1, 2. ஒரே பெறுமானம் ரெண்டு இடத்துல இல்ல. இப்ப நடு எங்க?

ஹட்டன்_கணக்கு:
எக்ஸை வெளிய எடு. எக்ஸ்(2எக்ஸ் − 3). 0லயும் 1.5லயும் பூச்சியம், அப்ப அச்சு 0.75, அடி −1.125.

மூணாம்பெஞ்ச்:
கடைசில +5 இருந்தா? அப்ப எக்ஸை வெளிய எடுக்க ஏலாதே, அந்த வரைபு எக்ஸ் அச்சைத் தொடவும் செய்யாது.

ஹட்டன்_கணக்கு:
5ஐ விரலால மறைச்சுட்டு செய். அது வரைப அப்படியே 5 மேல தூக்கும், அச்சு பக்கவாட்டுல அசையாது. அடி 3.875.

மூணாம்பெஞ்ச்:
ஏன் அசையாதுன்னு புள்ளை கேட்டா?

ஹட்டன்_கணக்கு:
எல்லாப் புள்ளிலயும் அதே 5தான கூடுது, சமமா இருந்த ஜோடி சமமாவேதான இருக்கும். இதுல வர்க்கப்பூர்த்தி எந்த இடத்துல வந்துச்சு, சொல்லுங்க.

பண்டாரவளை_அக்கா:
சேர், திரும்பற் புள்ளி (2, −5) ஆ இருக்குற ஒரு சார்பை எழுதுன்னு கேட்டா எந்த விரலால எத மறைப்பீங்க? (எக்ஸ் − 2)² − 5, ஒரே வரில முடிஞ்சுது.