ஷார்ட்ஸில் கொண்டுபோக இலகுவான மடக்குக் கத்தி: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஒற்றையடிப்பாதை:

என் பழைய மடக்குக் கத்தி 130 கிராம் இருக்கும். ஜீன்ஸ் போட்டிருக்கும்போது அது இருப்பதே தெரியாது. அதையே ஓடும்போது ஷார்ட்ஸில் போட்டால் ஒரு பக்கம் இடுப்பு கீழே இறங்குகிறது, ஒவ்வோர் அடிக்கும் தொடையில் வந்து இடிக்கிறது. காட்டுப் பாதையில் தனியாக நெடுநேரம் ஓடுகிறவன் நான். காலில் ஒட்டிய டேப்பை எடுக்க, அறுந்த ஷூ நாடாவின் பிசிறை நறுக்க, செருப்புத் தோல்போலக் கெட்டியான பொட்டலத்தைப் பிரிக்க என்று சில்லறை வேலைகளுக்கு ஒரு கத்தி தேவைப்படுகிறது. தனியாகப் பை மாட்டிக்கொள்ள விருப்பமில்லை. மெல்லிய விளையாட்டு உடையிலேயே கத்தி வைத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் எதை வைத்திருக்கிறீர்கள், எங்கே வைக்கிறீர்கள், என்னவெல்லாம் நடந்தது என்று எழுதுங்கள். விளம்பரத்தில் உள்ளதை நானே படித்துக்கொள்வேன். வியர்வையில் ஊறிய பிறகு அது எப்படி இருந்தது என்பதுதான் எனக்கு வேண்டும்.

மலைச்சரிவு:

நாம் எல்லோரும் உடனே கிராம் கணக்கில் இறங்கிவிடுகிறோம். ஆனால் ஓடுகிறவனைப் படுத்துவது எடையைவிட ஆட்டம்தான். தளர்ந்த பக்கப் பாக்கெட்டில் 40 கிராம் கத்தி குதிக்கிற குதியில் எரிச்சல் வரும். அதே கத்தி உடம்போடு ஒட்டிய பாக்கெட்டில் இருந்தால் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும். அதனால் முதலில் கத்தியைப் பார்க்காதீர்கள், உங்கள் ஷார்ட்ஸைத் திருப்பிப் பாருங்கள். இடுப்புப் பட்டைக்குள் சாவி வைக்க ஒரு குட்டிப் பாக்கெட் இருக்கிறதா? பின்பக்கம் ஜிப் வைத்த பாக்கெட் உண்டா? உள்ளே இறுக்கமான லைனர், அதாவது உள் ஷார்ட்ஸ், இருந்தால் அதில் போன் வைக்கும் பாக்கெட் இருக்கிறதா? இந்த மூன்றில் எது உங்களிடம் இருக்கிறதோ, அதன் அளவுதான் உங்கள் கத்தியின் அளவு.

நான் வைத்திருப்பது பெஞ்ச்மேட் பக்அவுட். 2017-இல் வந்தது, 52 கிராம், அலகு 82 மில்லிமீட்டர். முழு அளவுக் கத்தியை இவ்வளவு இலகுவாகச் செய்ததற்காகவே பெயர் வாங்கியது. லைனர் பாக்கெட்டில் போனுக்குப் பக்கத்தில் வைக்கிறேன், அசையாது. சாதாரணப் பக்கப் பாக்கெட்டில் வைத்து ஓட வேண்டுமென்றால் இதை நான் சொல்லமாட்டேன், நீளம் அதிகம்.

இன்னொன்று. சஹாராவில் பல நாள் ஓடும் மராத்தான் தே சாப்ல் பந்தயத்தில் கத்தி கட்டாயப் பொருள்களில் ஒன்று. அலகு உலோகமாக இருக்க வேண்டும் என்பார்கள். கிராம் கிராமாகச் சுமை குறைக்கிறவர்கள் ஓடும் பந்தயம் அது. அங்கேயும் கத்தி பட்டியலில் இருக்கிறது என்றால் ‘ஓடுகிறவனுக்கு எதற்குக் கத்தி’ என்று கேட்பவர்களுக்கு அதுவே பதில்.

சாவிப்பாக்கெட்:

உங்கள் ஷார்ட்ஸிலாவது பாக்கெட் இருக்கிறது, அண்ணா. பெண்களுக்கான லெகிங்ஸில் பாதிக்கு மேல் இடுப்பில் ஒரு சாவி நுழையும் இடம்தான் உண்டு. நான் தேடத் தொடங்கியதே ‘இரண்டு விரல் அகலத்துக்குள் என்ன அடங்கும்’ என்றுதான்.

அடங்கியவை இரண்டு. ஒன்று, விக்டோரினாக்ஸ் கிளாசிக். மடக்கினால் 58 மில்லிமீட்டர், 21 கிராம் அளவு. இன்னொன்று, ஸ்பைடர்கோ லேடிபக். 17 கிராம்தான், ஆனால் அலகு நிமிர்ந்ததும் அது தானே மடங்காதபடி லாக் விழுந்துவிடும். இரண்டிலும் பாக்கெட் விளிம்பில் மாட்டும் கிளிப் கிடையாது, அதுதான் எனக்கு வசதி. லைக்ராவில் கிளிப் நிற்காது. துணி மெல்லியதாக இருப்பதால் கிளிப்புக்குப் பிடிமானமே கிடைப்பதில்லை. மேலே இழுபடும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவி வந்துவிடும். முன்பு வைத்திருந்த ஒரு கிளிப் கத்தி அப்படித்தான் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் உடை மாற்றும் அறையில் டைல்ஸ் தரையில் விழுந்தது. அந்தச் சத்தமும், அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்த பார்வையும்! ஒரு பெண்மணி தன் பையை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தார். அவரைக் குற்றம் சொல்லமுடியாது. கறுப்புப் பிடி, நீண்ட அலகு, பார்ப்பவருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? சிவப்புப் பிடி போட்ட குட்டி கிளாசிக்கைக் கண்டு இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை.

உள்ளாடையில் கிளிப் போட்டுக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். நெஞ்சு எலும்புமேல் கெட்டியான பொருளை வைத்துக்கொண்டு தடுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்று ஒரு நொடி யோசித்தால் போதும்.

மலைச்சரிவு:

விழுவதைப் பற்றி நல்ல நேரத்தில் சொன்னீர்கள், சகோதரி. பின்பக்க ஜிப் பாக்கெட்டிலும் இதே சிக்கல் உண்டு. நடு முதுகெலும்புக்கு நேராக வைக்காமல் ஒரு பக்கமாக ஒதுக்கி வையுங்கள். சரிவில் வழுக்கினால் பின்னால்தான் விழுவோம்.

உப்புக்காற்று:

நான் துடுப்புப் படகு ஓட்டுகிறவன். கத்தியின் எதிரி எடை இல்லை, உப்பு. வியர்வையும் உப்புத் தண்ணீர்தானே. உப்பில் உள்ள குளோரைடு, துருப்பிடிக்காத எஃகின் மேல் இருக்கும் குரோமிய ஆக்சைடு படலத்தை அங்கங்கே உடைத்து ஊசிமுனை அளவுக் குழிகளை உண்டாக்கும். வெளியே பார்த்தால் அலகு பளபளவென்று இருக்கும். திருகாணியைச் சுற்றியும் ஸ்பிரிங் இடுக்கிலும் பழுப்பு ஏறியிருக்கும். உடம்பின் சூட்டோடு ஈரத்துணிக்குள் ஒரு மணி நேரம் கிடப்பதைவிட மோசமான இடம் கத்திக்கு இல்லை.

இதற்காகவே செய்த எஃகுகள் இருக்கின்றன. ஹெச்1 என்பது ஒன்று. வழக்கமான கத்தி எஃகில் கார்பன் குரோமியத்தோடு சேர்ந்து கார்பைடாகிவிடும், அதனால் துருவைத் தடுக்க மிஞ்சும் குரோமியம் குறையும். ஹெச்1-இல் கார்பனை மிகவும் குறைத்து நைட்ரஜன் சேர்த்திருப்பார்கள். நடைமுறையில் துருவே பிடிக்காது என்று சொல்லலாம். குறை என்னவென்றால் நேர்க்கூர் சீக்கிரம் மழுங்கும், பல் வைத்த கூர் தாங்கும். எல்சி200என் என்பதும் நைட்ரஜன் எஃகுதான், அது கூரை இன்னும் கொஞ்சம் நன்றாகத் தாங்கும். ஹெச்1-இல் வந்த ஸ்பைடர்கோ டிராகன்ஃபிளை சால்ட் என்னிடம் இருக்கிறது. 34 கிராம், அலகு 58 மில்லிமீட்டர், பிடி கண்ணாடி இழை கலந்த நைலான். கழுவாமல் நாள்கணக்கில் ஈர உடையோடு பையில் கிடந்திருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை.

வேறு எஃகு வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, விரித்தபடியே காயவைத்து, திருகாணியில் ஒரு சொட்டு மினரல் ஆயில் விட்டால் போதும். ஷார்ட்ஸைத் துவைக்கப் போடுமுன் பாக்கெட்டைத் தடவிப் பாருங்கள். வாஷிங் மெஷினுக்குள் கத்தி சுழலும் சத்தம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழக்கம்.

டேப்புக்காரர்:

நான் விளையாட்டு வீரர்களுக்கு டேப் ஒட்டியும் பிரித்தும் பிழைக்கிறவன். கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மேலே ஒற்றையடிப்பாதை எழுதிய வேலைகளைப் படித்துப் பார்த்தேன். அதில் பெரும்பாலானவை கத்தரிக்கோல் வேலை. தோலோடு ஒட்டிய டேப்பைக் கூர்முனைக் கத்தியால் எடுப்பது, அதுவும் ஓடிக் களைத்து கை நடுங்கும் நேரத்தில், நான் பார்க்க விரும்பாத காட்சி. கொப்புளத்துக்கு ஒட்டும் பஞ்சைக் கத்தியால் வட்டமாக நறுக்கிப் பாருங்கள், வராது. கிளாசிக்கில் உள்ள குட்டிக் கத்தரிக்கோல் இரண்டையும் அழகாகச் செய்யும். நகம் பிளந்தால் அதற்கும் அதுதான். சாவிப்பாக்கெட் தங்கை கடைசியில் வந்து நின்ற இடம் சரியான இடம்.

கத்திதான் வேண்டும் என்றால் முனை மழுங்கலாக, முதுகு வளைந்து கீழே இறங்கும் ஷீப்ஸ்ஃபுட் அலகாகப் பாருங்கள். முனை குத்தாது, டேப்புக்கு அடியில் நுழைத்தாலும் தோல் கிழியாது. என்னிடம் வந்த ஒரு நெடுந்தூர வீரர் கணுக்கால் டேப்பை வழியிலேயே கூர்முனைக் கத்தியால் அறுத்துவிட்டு வந்திருந்தார். டேப் போட்ட காரணம் சுளுக்கு. என்னிடம் வந்த காரணம் வெட்டு.

வளைவுச்சாலை:

பாக்கெட்டுக்குள் தானே திறந்துகொள்வதைப் பற்றி யாரும் பேசவில்லையே. சைக்கிள் ஓட்டும்போது தொடை மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும். என் டிராக் பேண்ட் பாக்கெட்டில் கிடந்த ஒரு ஃபிளிப்பர் கத்தி, முதுகில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னக் கொக்கியில் துணி மாட்டி, அலகு பாதி விரல் அகலத்துக்கு வெளியே வந்திருந்தது. கை விட்டபோதுதான் தெரிந்தது. நல்ல வேளை, மெதுவாக விட்டேன். ஒற்றைக் கையால் சட்டென்று திறப்பது ஜீன்ஸ் பாக்கெட்டில் கிளிப்போடு அசையாமல் நிற்கும் கத்திக்குப் பெருமை. தளர்ந்த பாக்கெட்டில் சாவியோடு உருளும் கத்திக்கு அது ஆபத்து.

ஒற்றையடிப்பாதை:

அப்படியென்றால் எது பத்திரம்?

வளைவுச்சாலை:

நகத்தால் இழுத்துத் திறக்கும் வகை. இரண்டு கையும் வேண்டும், மெதுவாகத்தான் திறக்கும், அதுதான் நல்லது. பிரான்ஸின் ஓப்பினல் கத்தியும் பார்க்கலாம். பிடியின் கழுத்தில் இருக்கும் வளையத்தைத் திருகினால் திறந்த நிலையிலும் பூட்டும், இப்போது வருபவை மடக்கிய நிலையிலும் பூட்டும். அந்த வளையம் 1955-இல் வந்தது, இன்றுவரை பெரிதாக மாறவில்லை. 6-ஆம் எண்ணில் அலகு 7 சென்டிமீட்டர், கையில் எடுத்தால் எடையே தெரியாது. மரப்பிடி என்பதால் நனைந்தால் உப்பி, அலகு இறுகிக்கொள்ளும். வியர்வை அதிகம் வருபவர் என்றால் யோசியுங்கள்.

லாக் இல்லாத கத்தியில் ஒரே ஒரு விதி. முனையால் குத்தாதீர்கள், அலகின் முதுகில் அழுத்தம் கொடுக்காதீர்கள். மடங்கினால் விரல்மேல்தான் மடங்கும்.

பின்தங்கியவன்:

ஓடும்போது நாய் துரத்துகிறது, இருட்டில் யாராவது வழிமறித்தால் என்ற பயமும் இருக்கிறது. அதற்கு எந்தக் கத்தி நல்லது?

மலைச்சரிவு:

எதுவும் இல்லை. 20 கிராம் கத்தியை ஜிப் திறந்து, எடுத்து, விரிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். விரித்தாலும் நாய்க்குக் கடிக்கக் கையை நீட்டிக் கொடுத்ததாகத்தான் ஆகும். விசில் வாங்குங்கள், தலைவிளக்கு போடுங்கள், துணையோடு ஓடுங்கள்.

வளைவுச்சாலை:

அதோடு, ‘தற்காப்புக்கு’ என்று வாயால் சொல்லிவிட்டால் பல நாடுகளில் அதுவே வழக்காகிவிடும். கருவி என்று இருந்தது ஆயுதம் ஆகிவிடுகிறது.

சட்டத்தைப் பற்றியும் இங்கேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இது கத்தித் தேர்வையே மாற்றும். பிரிட்டனில் பொது இடத்தில் காரணம் கேட்காமல் விடுவது லாக் இல்லாத மடக்குக் கத்தியைத்தான், வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்குள், அதாவது 7.62 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மேலே சாவிப்பாக்கெட் சொன்ன லேடிபக்கின் லாக் அங்கே சிக்கல். 17 கிராம் என்பதெல்லாம் கணக்கில் வராது. ஜெர்மனி 2008-இல் ஒற்றைக் கையால் திறந்து லாக் ஆகும் கத்திகளைத் தகுந்த காரணமின்றிக் கொண்டுபோகக் கூடாது என்று ஆக்கியது. பந்தயத்துக்காக வெளிநாடு போகிறவர்கள் ஷார்ட்ஸைப் பெட்டியில் மடித்து வைக்கும்போதே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். விமானத்தில் கைப்பையில் வைக்காமல் சரக்குப் பெட்டியில் போட்டுவிடுவது நல்லது. பள்ளி மைதானம், விளையாட்டரங்கம் போன்ற இடங்களில் எந்த அளவுக் கத்தியும் பிரச்சினை தரலாம். ஒருமுறை அரங்கத்தின் வாசலில் பாதுகாவலர் என் பேனாக்கத்தியை எடுத்துவைத்துக்கொண்டு, வெளியே வரும்போது திருப்பித் தந்தார். எல்லோரும் அவ்வளவு நல்லவர்களாக இருக்கமாட்டார்கள்.

உப்புக்காற்று:

கிளிப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. சாவிப்பாக்கெட் சொன்னது லைக்ராவுக்குச் சரி. ஷார்ட்ஸில் கிளிப்பே உதவாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கிளிப்பை மெல்லிய பாக்கெட் விளிம்பில் போடாமல், எலாஸ்டிக் இடுப்புப் பட்டையில் போடுங்கள். அங்கே துணி இரண்டு மூன்று மடிப்பாக இருக்கும், பிடிக்கும். டிராகன்ஃபிளையில் இருப்பது போன்ற கம்பிக் கிளிப் இதற்கு நன்றாக இருக்கிறது. கிளிப்பின் அடியில் பிடியின் பரப்பு சொரசொரப்பாக இருந்தால் சில வாரங்களில் பாலியஸ்டர் நூல் நூலாகப் பிரிந்துவிடும். வழவழப்பானதாகப் பார்த்து வாங்குங்கள். தொலைந்துபோகும் பயம் இருந்தால் கத்தியின் வால் ஓட்டையில் ஒரு கயிறு கோத்து, ஷார்ட்ஸ் நாடாவில் முடிச்சுப் போட்டுவிடலாம். கயிறு சின்னதாக இருக்கட்டும், கிளையில் மாட்டக் கூடாது.

ஒற்றையடிப்பாதை:

எல்லோருக்கும் நன்றி. என் ஷார்ட்ஸைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் ஜிப் பாக்கெட் இருக்கிறது, அகலம் குறைவு. கிளாசிக் தாராளமாக நுழையும், டிராகன்ஃபிளை இடித்துக்கொண்டு நுழையும். டேப்புக்காரர் சொன்னது மனதில் தைத்தது. நான் எழுதிய வேலைகளில் முக்கால்வாசி கத்தரிக்கோலுக்குத்தான். அதனால் கிளாசிக். ஒரே சந்தேகம், ஓடும்போது பாக்கெட்டுக்குள் சாவியும் அதுவும் உரசிக் கிலுகிலுக்காதா?

சாவிப்பாக்கெட்:

கிலுகிலுக்கும். பழைய சைக்கிள் டியூபில் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, கத்தியின் இடுப்பில் மாட்டிவிடுங்கள். சத்தம் போய்விடும், ஈரக் கையில் வழுக்காமலும் இருக்கும். அலசும்போது மட்டும் அதைக் கழற்றிவிடுங்கள், அடியில் தண்ணீர் தங்கும்.