டெக்சஸின் மென்டோன் (79754): மக்கள்தொகையும் ஜிப் குறியீடும் பொருந்தவில்லை, உதவி தேவை

தரவுத்தேடி:

வணக்கம். மேற்கு டெக்சஸின் எண்ணெய் வயல் பகுதியில் உள்ள சிற்றூர்களைப் பற்றி, ஊருக்கு ஒரு பக்கம் என்ற அளவில், மக்கள்தொகை, வீடுகள், அஞ்சல் குறியீடு ஆகியவற்றைத் தொகுக்கும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. மற்ற ஊர்களில் பெரிய சிக்கல் எழவில்லை. லவிங் கவுண்டியின் (கவுண்டி என்பது மாநிலத்துக்குள் நம் மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பிரிவு) தலைமையிடமான மென்டோனில்தான் மாட்டிக்கொண்டேன்.

ஊரின் பெயரை வைத்து அஞ்சல் பட்டியலையும் மக்கள்தொகைப் பட்டியலையும் இணைத்தபோது, மென்டோனில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வசிப்பதாக வந்தது. அது தவறு என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. 2020 கணக்கெடுப்பின்படி கவுண்டி முழுவதற்குமே 64 பேர்தான், மென்டோன் ஊருக்கு 22 பேர்தான். அப்படியானால் 79754 என்ற ஜிப் குறியீட்டுக்கு எதிரே நான் 22 என்று எழுத வேண்டுமா, 64 என்று எழுத வேண்டுமா?

குழப்பத்தைக் கூட்டும் இன்னொரு செய்தியும் உண்டு. 2020 நவம்பர் அதிபர் தேர்தலில் இந்தக் கவுண்டியில் 66 வாக்குகள் பதிவாகியுள்ளன. குழந்தைகளையும் சேர்த்து 64 பேர் உள்ள இடத்தில் 66 வாக்குகள் எப்படி விழும்? வயது, வருமானம் ஆகிய அட்டவணைகளைத் திறந்தால், பல வரிகளில் கணிப்பை விடப் பிழை எல்லை (கணிப்பு எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற அளவு) பெரிதாக இருக்கிறது. இவை போதாதென்று, மாநில நெடுஞ்சாலை 302இல் உள்ள ஒரு பணியிட முகவரியை எங்கள் அலுவலகத்தின் முகவரி சரிபார்ப்பு மென்பொருள் ஏற்க மறுக்கிறது. எதை நம்பி எதை எழுதுவது என்று அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நிலவரை:

வணக்கம் நண்பரே. எட்டாயிரம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் தீர்த்துவிடலாம். மென்டோன் என்ற பெயரில் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ கவுண்டியில் ஓர் ஊர் இருக்கிறது (92359). அலபாமாவில் ஒன்று (35984), இண்டியானாவில் ஒன்று (46539) என இன்னும் உண்டு. உங்கள் மென்பொருள் மாநிலத்தைப் பார்க்காமல் பெயரை மட்டும் பொருத்தி, கலிஃபோர்னியா ஊரின் மக்களை டெக்சஸில் குடியேற்றியிருக்கிறது. பெயரை வைத்து இணைப்பதை விட்டுவிட்டு, கணக்கெடுப்புத் துறை ஊருக்கும் கவுண்டிக்கும் வழங்கியிருக்கும் எண்குறிகளை வைத்து இணையுங்கள்.

அப்படி இணைக்கும்போது ஒரு பள்ளம் காத்திருக்கிறது. டெக்சஸின் எண்குறி 48, லவிங் கவுண்டியின் எண்குறி 301. சேர்த்து எழுதினால் 48301. ஐந்து இலக்கங்கள் என்பதால் இது ஜிப் குறியீட்டைப் போலவே தோற்றமளிக்கும். தவறி உங்கள் அட்டவணையின் ஜிப் நிரலில் இட்டுவிட்டால் எந்த எச்சரிக்கையும் வராது, ஏனெனில் 48301 என்பது மிச்சிகன் மாநிலத்தின் ப்ளூம்ஃபீல்டு ஹில்ஸுக்கு உரிய உண்மையான ஜிப் குறியீடு. டிட்ராயிட்டின் வசதி படைத்த புறநகர் ஒன்றின் வருமானம் பாலைநில எண்ணெய் வயலின் கணக்கில் ஏறிவிடும். நிரல்களுக்கு "கவுண்டி எண்குறி", "ஜிப்" என்று தனித்தனியே பெயரிட்டு, ஜிப்பின் முதல் மூன்று இலக்கங்கள் 797 ஆக இருக்கின்றனவா என்ற ஒரு சோதனையையும் சேர்த்துவிடுங்கள். 797 மிட்லண்டைச் சார்ந்த அஞ்சல் வட்டாரம். அருகிலுள்ள பேகோஸ் (79772), கெர்மிட் (79745), ஓர்லா (79770) ஆகியவையும் அதற்குள்தான் வருகின்றன.

தரவுத்தேடி:

மிக்க நன்றி ஐயா. எண்குறிகளுக்கு மாற்றியதும் எட்டாயிரம் மறைந்துவிட்டது. 797 சோதனையையும் சேர்த்துவிட்டேன். 22ஆ 64ஆ என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

எண்ணெய்வயல்:

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? கவுண்டியில் மென்டோனைத் தவிரச் சொல்லிக்கொள்ளும்படி வேறு ஊரே இல்லை. 79754 என்றால் லவிங் கவுண்டி, லவிங் கவுண்டி என்றால் 64. எழுதிவிட்டு அடுத்த ஊருக்குப் போகலாம்.

அஞ்சல்பை:

முந்தைய பதிலுடன் உடன்பட இயலவில்லை. மென்டோன் தவிர வேறு ஊர் இல்லை என்பது உண்மையே. ஆனால் அதிலிருந்து ஜிப்பும் கவுண்டியும் ஒன்றே என்ற முடிவு கிடைத்துவிடாது.

1963இல் அமெரிக்க அஞ்சல் துறை ஜிப் குறியீட்டை அறிமுகப்படுத்தியது கடிதங்களைப் பிரிப்பதற்காகவே அன்றி, மக்களை எண்ணுவதற்காக அல்ல. அது ஒரு நிலப்பரப்பும் அல்ல. எந்த அஞ்சலகத்திலிருந்து, எந்தத் தடத்தில், எந்தப் பெட்டிகளுக்குக் கடிதம் போகிறது என்பதன் தொகுப்பு. தடம் வசதிப்படி கவுண்டி எல்லையைத் தாண்டும். கவுண்டியின் ஓர் ஓரத்தில் உள்ள பண்ணை வீட்டுக்குப் பக்கத்துக் கவுண்டியின் அஞ்சலகம் அருகில் இருந்தால், அந்த வீட்டின் முகவரியில் அந்தப் பக்கத்து ஊரின் பெயரும் குறியீடுமே இடம்பெறும். அஞ்சல் முகவரியில் ஓர் ஊரின் பெயர் இருப்பதால் வீடு அந்த ஊரில் இருக்கிறது என்று பொருள் கொள்ள முடியாது.

ஜிப் வாரியாக மக்கள்தொகை வேண்டும் என்று பலரும் கேட்டதால், கணக்கெடுப்புத் துறை 2000ஆம் ஆண்டிலிருந்து ஜிப் குறியீட்டுக் கணிப்புப் பரப்பு என்ற ஒன்றை உருவாக்கி வருகிறது. சுருக்கமாக இசட்.சி.டி.ஏ. என்பார்கள். ஒவ்வொரு கணக்கெடுப்புத் தொகுதியிலும் உள்ள முகவரிகளில் எந்த ஜிப் மிகுதியாக வருகிறதோ, அந்த ஜிப்பைத் தொகுதி முழுவதற்கும் கொடுத்து, ஒரே ஜிப் பெற்ற தொகுதிகளை ஒன்றாகச் சேர்ப்பதே அதன் முறை. நகரத்தில் ஒரு தொகுதி என்பது நான்கு தெருக்களுக்கு இடைப்பட்ட சதுரம். மேற்கு டெக்சஸில் அது பல சதுர மைல் வெறும் நிலமாக இருக்கலாம், அதில் ஓரிரு முகவரிகளே இருக்கலாம். முகவரியே இல்லாத பெருநிலங்கள் 2010 முதல் எந்தப் பரப்பிலும் சேராமல் விடப்படுகின்றன. ஆகவே வரைபடத்தில் ஓட்டைகளைக் கண்டால் கோப்பு பழுதாகிவிட்டது என்று மீண்டும் பதிவிறக்க வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். 22 ஊரின் எண், 64 கவுண்டியின் எண். 79754இன் எண் வேண்டுமானால் அதே ஆண்டின் இசட்.சி.டி.ஏ. அட்டவணையிலிருந்து எடுத்து, மூன்றாவது எண்ணாக, அந்தப் பெயரிலேயே எழுதுங்கள். பரப்புக்கும் கவுண்டிக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் கோப்பைக் கணக்கெடுப்புத் துறையே வெளியிடுகிறது. இரண்டும் எங்கே ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன, எங்கே விலகுகின்றன என்பதை அதில் பார்த்துக்கொள்ளலாம்.

முகவரி சரிபார்ப்பு மென்பொருள் மறுப்பதற்கு வேறு காரணம் இருக்கும். பெரும்பாலான மென்பொருள்கள் அஞ்சல் சேவையின் விநியோகப் பட்டியலில் உள்ள முகவரிகளை மட்டுமே செல்லும் என்று சொல்லும். 911 அவசர அழைப்புக்காகக் கவுண்டி கொடுத்த சாலை எண் ஒரு வீட்டுக்கு இருக்கலாம். ஆனால் அங்கே தபால்காரர் போவதில்லை என்றால் அந்த முகவரி பட்டியலில் இராது. அத்தகைய இடங்களில் வசிப்போர் அஞ்சலகப் பெட்டி வைத்துக்கொள்வார்கள். வீட்டு வாசலுக்கு விநியோகம் கிடைக்கத் தகுதியற்ற குடும்பத்துக்கு ஒரு பெட்டி கட்டணமின்றியே வழங்கப்படும். அஞ்சல் சேவை அதை இ பிரிவுப் பெட்டி என்கிறது. ஆதலால் உங்கள் அட்டவணையில் இருப்பிட முகவரிக்கு ஒரு நிரல், அஞ்சல் முகவரிக்கு ஒரு நிரல் என இரண்டு வையுங்கள். லாரியை அனுப்புவதற்கு முதலாவது. கடிதம் அனுப்புவதற்கு இரண்டாவது. பணியிடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் குறித்து வைத்தால் ஓட்டுநர் உங்களை வாழ்த்துவார்.

ஊர்ப்பெயருக்கும் இதே கவனம் தேவை. அஞ்சல் சேவையின் தேடுபக்கத்தில் ஒரு ஜிப்பை இட்டால், பரிந்துரைக்கப்படும் ஊர்ப்பெயர், ஏற்கத்தக்க பிற பெயர்கள், தவிர்க்க வேண்டிய பெயர்கள் என்று பிரித்துக் காட்டும். பரிந்துரைக்கப்படும் பெயரையே இடுங்கள்.

பத்தாண்டுக்கணக்கு:

அஞ்சல் பக்கத்தை அஞ்சல்பை அவர்கள் தெளிவாக விளக்கிவிட்டார். மக்கள்தொகைப் பக்கத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

மென்டோன் நகராட்சி அல்ல. அதற்கு நகரமன்றமோ சட்டப்படியான ஊர் எல்லையோ கிடையாது. 22 என்ற எண், கணக்கெடுப்புத் துறை தன் வசதிக்காக வரைந்த ஓர் எல்லைக்குள் எண்ணியது. இத்தகைய இடங்களைச் சி.டி.பி. என்பார்கள். ஆண்டுதோறும் வெளிவரும் மக்கள்தொகை மதிப்பீடுகள் கவுண்டிகளுக்கும் நகராட்சிகளுக்கும் உண்டு, சி.டி.பி.களுக்கு இல்லை. ஆகவே "மென்டோன், இந்த ஆண்டு மக்கள்தொகை" என்று எங்கேனும் துல்லியமான எண் கண்டால், அது ஏ.சி.எஸ். எனப்படும் மாதிரிக் கணக்கெடுப்பின் ஐந்தாண்டுச் சராசரியாகவோ அந்தத் தளத்தின் சொந்த ஊகமாகவோ இருக்கும்.

64 என்பதையும் கல்லில் பொறித்த எண்ணாகக் கொள்ள வேண்டாம். தனிமனிதரை அடையாளம் காண முடியாதபடி காப்பதற்காக, 2020 கணக்கெடுப்பின் முடிவுகளில் கணக்கெடுப்புத் துறை வேண்டுமென்றே சிறு கூட்டல் கழித்தல்களைப் புகுத்தியது. மாநிலத்தின் மொத்த மக்கள்தொகை மட்டும் மாற்றமின்றி வெளியிடப்பட்டது. கவுண்டி, ஊர், தொகுதி ஆகியவற்றின் எண்களில் அந்தக் கலப்பு உண்டு. பல லட்சம் பேர் உள்ள ஹாரிஸ் கவுண்டியில் அது கண்ணுக்கே தெரியாது. 22 பேர் உள்ள ஊரில், இனவாரியாகவும் வயதுவாரியாகவும் பிரித்த பிறகு, எஞ்சுவது பெரும்பாலும் அந்தக் கலப்புத்தான். அதே சமயம், ஒவ்வொரு தொகுதியிலும் உள்ள வீடுகளின் எண்ணிக்கை மாற்றப்படவில்லை. எனவே இத்தகைய சிற்றூருக்கு நான் முதலில் எழுதுவது வீடுகளின் எண்ணிக்கையை. மக்கள்தொகை அதற்கு அடுத்ததுதான்.

66 வாக்குகளுக்கு வருகிறேன். கணக்கெடுப்பு ஏப்ரல் 1 அன்று ஒருவர் வழக்கமாக எங்கே வசித்தார், உறங்கினார் என்று கேட்கிறது. தேர்தல் நடந்ததோ நவம்பரில். டெக்சஸ் தேர்தல் சட்டமோ, ஒருவர் தற்காலிகமாக வெளியே சென்றாலும் எந்த வீட்டுக்குத் திரும்பும் எண்ணம் கொண்டிருக்கிறாரோ அதையே அவருடைய குடியிருப்பாகக் கொள்கிறது. பண்ணை இங்கே இருக்க, வேலைக்காகவோ பிள்ளைகளின் பள்ளிக்காகவோ வேறு ஊரில் ஆண்டின் பெரும்பகுதியைக் கழிப்பவர் இங்கே வாக்களிக்கலாம். கணக்கெடுப்பு அவரை அங்கே எண்ணியிருக்கும். இவற்றோடு 64இல் கலந்துள்ள கூட்டல் கழித்தலையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டு எண்களும் முரண்பட வேண்டிய கட்டாயமில்லை.

எண்ணெய் வயல் ஊர்களில் இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு, அதுதான் உங்கள் பணிக்கு முக்கியமானது என்று கருதுகிறேன். இரண்டு வாரம் வேலை, ஒரு வாரம் விடுப்பு என்ற முறையில் தொழிலாளர் முகாமிலும் இழுவை வண்டி வீட்டிலும் தங்குபவர், தம் குடும்பம் இருக்கும் ஊரையே வழக்கமான இருப்பிடமாகச் சொன்னால், பத்தாண்டுக் கணக்கெடுப்பில் லவிங் கவுண்டியில் வரமாட்டார். ஏ.சி.எஸ். பயன்படுத்தும் விதி வேறு: வீடுகளைப் பொறுத்தவரை, ஓரிடத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் தங்கியிருப்பவரை அல்லது தங்கவிருப்பவரை அது அங்கேயே சேர்த்துக்கொள்ளும். ஒரே மனிதர் ஓர் அட்டவணையில் இருப்பார், மற்றதில் இருக்கமாட்டார். சாலையில் ஓடும் லாரிகளையும் வரிசைகட்டி நிற்கும் முகாம்களையும் பார்த்துவிட்டு "64 பேரா?" என்று வியப்பவர்கள் கேட்க வேண்டியது பகல்நேர மக்கள்தொகையை, அது இந்த இரண்டிலுமே இல்லை.

எண்ணெய்வயல்:

முகாம்களைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. 79754உம் கவுண்டியும் ஒன்று என்று நான் எழுதியதை ஏற்க முடியாது என்பதும் புரிகிறது; தொடர்புக் கோப்பைப் பார்த்துவிட்டு எழுதுவதே முறை. ஆனால் ஒரு பக்கக் குறிப்பில் வாசகருக்கு வளர்ச்சி, வீழ்ச்சி பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமே. கவுண்டி 22 விழுக்காடு சுருங்கியது என்று எழுதலாமா?

பத்தாண்டுக்கணக்கு:

விழுக்காட்டைத் தவிர்த்து எண்ணிக்கையை எழுதுங்கள். 2000இல் 67, 2010இல் 82, 2020இல் 64. முதல் பத்தாண்டில் 15 பேர் கூடியதை 22 விழுக்காடு வளர்ச்சி என்றும், அடுத்த பத்தாண்டில் 18 பேர் குறைந்ததை 22 விழுக்காடு வீழ்ச்சி என்றும் எழுதினால், ஏதோ பெருநகரம் செழித்து அழிந்ததைப் போன்ற தோற்றம் வந்துவிடும். நான்கைந்து குடும்பங்கள் வந்தன, போயின என்பதே நடந்தது.

நீண்ட போக்கைக் காட்ட விரும்பினால் பழைய எண்கள் உதவும். 1940இல் 285 பேர், 1960இல் 226, 1980இல் 91. இந்தக் கவுண்டி 1893இல் அமைக்கப்பட்டு, 1897இல் கலைக்கப்பட்டு, எண்ணெய் கிடைத்த பிறகு 1931இல் மீண்டும் அமைக்கப்பட்டது. டெக்சஸின் 254 கவுண்டிகளில் இருமுறை அமைக்கப்பட்டது இது ஒன்றே. நிலப்பரப்பு சுமார் 670 சதுர மைல், அதாவது ஒருவருக்குப் பத்துச் சதுர மைலுக்கும் மேல். இந்த ஒரு வரி, வயது வாரியான எந்த வட்டப்படத்தையும் விட வாசகருக்கு அதிகம் சொல்லும்.

தரவுத்தேடி:

அனைவருக்கும் நன்றி. குறிப்பை இவ்வாறு அமைத்திருக்கிறேன்: ஊர் (சி.டி.பி., 2020) 22, கவுண்டி (2020) 64, 79754க்கு இசட்.சி.டி.ஏ. எண் தனி வரியில், ஆண்டுடன். வீடுகளின் எண்ணிக்கை மேலே. 1940 முதல் 2020 வரையிலான கவுண்டி எண்ணிக்கை ஒரு சிறு வரைபடமாக. இருப்பிட முகவரிக்கும் அஞ்சல் முகவரிக்கும் நிரல்களைப் பிரித்துவிட்டேன். வருமான அட்டவணையை முழுவதுமாக நீக்கிவிடலாமா, அல்லது பிழை எல்லையுடன் சேர்த்து வெளியிடலாமா?

பத்தாண்டுக்கணக்கு:

ஊருக்கு நீக்கிவிடுங்கள். வாசகருக்கு வருமானம் தேவை என்று உங்கள் அலுவலகம் வற்புறுத்தினால், லவிங், வின்க்லர், ரீவ்ஸ் ஆகிய மூன்று கவுண்டிகளையும் சேர்த்து ஒரே கணிப்பாகக் கொடுங்கள். அப்போதுதான் மாதிரியின் அளவு பேசத்தக்கதாக இருக்கும். நடுநிலை வருமானங்களை (குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் வரும் குடும்பத்தின் வருமானம்) கூட்டி மூன்றால் வகுத்துவிட வேண்டாம். வருமானப் பிரிவு வாரியான குடும்ப எண்ணிக்கைகளைக் கூட்டி, அதிலிருந்து நடுநிலையைக் கணக்கிடுங்கள். ஏ.சி.எஸ். தரும் பிழை எல்லை 90 விழுக்காட்டு நம்பக அளவுக்கு உரியது என்பதையும் அடிக்குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.