18 வயது நிறையும் மகனின் பராமரிப்புக்கு என்ன வழி?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்):
வணக்கம். பெருமூளை வாதமும் வலிப்பும் உள்ள என் மகனுக்கு ஆகஸ்டில் 18 வயது நிறைகிறது. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகவே உணவு செல்கிறது. இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் இடுப்பில் தோல் சிவந்துவிடும். இதுவரை கிடைத்த பராமரிப்பு உதவித்தொகை நின்றுவிடும் என்கிறார்கள். குழந்தை மருத்துவரும் பெரியவர்களுக்கான பிரிவுக்குப் போகச் சொல்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1:
அம்மா, நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். தென்னாப்பிரிக்க அரசின் சமூக உதவித்தொகை அமைப்பான சாசா (SASSA) வழங்கும் அந்தத் தொகை 18 வயதோடு முடிகிறது. அதன்பின் மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவ அறிக்கை மூன்று மாதத்துக்கு முற்பட்டதாக இருக்கக் கூடாது. பலர் இதோடு நின்றுவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. ஏனெனில், முழுநேரமும் இன்னொருவரின் கவனிப்பு தேவைப்படுவோருக்கு 'கிராண்ட்-இன்-எய்ட்' என்ற கூடுதல் தொகை 2004ஆம் ஆண்டின் சமூக உதவிச் சட்டத்திலேயே உண்டு. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

பதில் 2:
நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்பாடுகளுக்கு உதவும் சிகிச்சையாளர்). இந்த வயதில் உடல் வேகமாக வளர்வதால் முதுகெலும்பு வளையக்கூடும். சிறுவயதுச் சக்கர நாற்காலி பொருந்தாமல் போனால் இருக்கைப்புண்ணும், உணவு மேலேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் கூடும். ஆகவே பிரிவு மாறுவதற்கு முன்பே இருக்கை மதிப்பீட்டை (நாற்காலி உடலுக்குப் பொருந்துகிறதா என்ற பரிசோதனையை) கேட்டுப் பெறுங்கள். வலிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது, மருந்தின் அளவு என்ன, வலியை அவர் எப்படிக் காட்டுகிறார் என்பவற்றை ஒரே தாளில் எழுதிப் புதிய மருத்துவரிடம் கொடுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. வலி என்றால் இடது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்வான். இது என்னைத் தவிர வேறு எவருக்கும் தெரியாது. இன்றிரவே எழுதிவைக்கிறேன்.