மறு: 'பரஸ்பர அங்கீகாரம்' சரிதானா? 'நிகரேற்பு' எனலாமா?

குழுவினருக்கு வணக்கம். ஓர் உறுப்பு நாட்டில் சட்டப்படி விற்கும் பொருளை மற்ற உறுப்பு நாடுகளும் விற்க விட வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியக் கோட்பாட்டை (mutual recognition) 'பரஸ்பர அங்கீகாரம்' என்கிறோம். அதை 'நிகரேற்பு' எனலாம் என்ற என் யோசனைக்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> பரஸ்பர அங்கீகாரம் எல்லோருக்கும் புரிகிற சொல்தானே. அதை ஏன் மாற்ற வேண்டும்?

புரிகிறது ஐயா, ஆனால் தவறாகப் புரிகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒற்றைச் சந்தைச் சட்டத்தை இந்தப் பருவத்தில் படிக்கிறேன். குறிப்புகளைத் தமிழில்தான் எழுதுகிறேன். தேர்வுக்கு முன்னால் அவற்றைத் திரும்பப் படித்தபோது, இந்த ஒரு சொல் என்னை இரண்டு இடங்களில் தடம் மாற்றியிருந்தது தெரிந்தது.

கோட்பாடு பிறந்த வழக்கைச் சொல்லிவிடுகிறேன். காசிஸ் என்பது பிரான்சில் திஜோன் நகரத்துக்குப் பேர்போன இனிப்பு மது. பிளாக்கரண்ட் பழத்தில் செய்வது, ஆல்கஹால் 15 முதல் 20 சதவீதம். ரேவே என்ற ஜெர்மன் நிறுவனம் அதை இறக்குமதி செய்யக் கேட்டபோது, கொண்டுவரலாம், ஆனால் விற்க முடியாது என்று பதில் வந்தது. அந்த வகைப் பழ மதுவில் ஆல்கஹால் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும் என்பது ஜெர்மன் சட்டம். ஆல்கஹால் குறைவு என்பதற்காகத் தடை! ஆல்கஹால் குறைந்த மது பெருகினால் மக்கள் எளிதில் குடிக்குப் பழகிவிடுவார்கள் என்பது ஜெர்மன் அரசு சொன்ன காரணங்களில் ஒன்று.

லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆல்கஹால் குறைந்த மதுவகைகள் ஏற்கெனவே சந்தையில் நிறைய இருக்கின்றன, கடுமையான மதுவையும் பெரும்பாலும் கலந்துதான் குடிக்கிறார்கள் என்றது. வாங்குபவருக்குத் தெரிய வேண்டுமானால் புட்டியின் சீட்டில் சதவீதத்தை அச்சிட்டால் போதும். ஓர் உறுப்பு நாட்டில் சட்டப்படி தயாரித்து விற்கும் பொருளை இன்னொரு உறுப்பு நாடு தக்க காரணம் இல்லாமல் தடுக்கக் கூடாது. இது 1979 பிப்ரவரி 20 அன்று வந்த தீர்ப்பு.

இதில் அங்கீகாரம் எங்கே இருக்கிறது? நமக்கு அங்கீகாரம் என்றால், விண்ணப்பம் போட்டு, மேலிடம் பார்த்து, முத்திரை குத்திக் கொடுப்பது. 'அங்கீகாரம் பெற்ற பள்ளி' என்று பலகையில் எழுதுகிறோமே, அந்தப் பொருள்தான் மனதில் நிற்கிறது. காசிஸ் புட்டிக்கு அப்படி யாரும் எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்கத் தேவையில்லை என்பதுதான் தீர்ப்பின் உயிர். 2020 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ள, இந்தக் கோட்பாட்டைப் பற்றிய ஒன்றியத்தின் 2019/515 ஒழுங்குவிதியைப் பாருங்கள். தன் பொருள் இன்ன நாட்டில் சட்டப்படி விற்பனையில் இருக்கிறது என்று உற்பத்தியாளரே ஓர் உறுதிமொழி எழுதிக்கொள்ளலாம். அதுவும் கட்டாயம் இல்லை. தடுக்க நினைக்கும் அரசுதான் காரணம் காட்ட வேண்டும்.

'பரஸ்பர' என்பது இதைவிடச் சிக்கல். நீ விட்டால் நானும் விடுகிறேன் என்ற கொடுக்கல் வாங்கல் வாடை அதில் அடிக்கிறது. என் குறிப்பில் அப்படியே எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் ஒன்றியச் சட்டம் அப்படி இயங்குவதே இல்லை. 1964இல் பால்பொருள் இறக்குமதி வழக்கில் பெல்ஜியமும் லக்சம்பர்க்கும், மறுதரப்பு தன் கடமையைச் செய்யாததால் தங்களுக்கும் கடமை இல்லை என்று வாதிட்டன. அந்த வாதம் எடுபடவில்லை. ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை நிறுவிய ஒப்பந்தம் நாடுகளுக்கு இடையே பரஸ்பரக் கடமைகளை மட்டும் உண்டாக்கும் ஒன்றல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீதிமன்றமே தள்ளிவைத்த கருத்தை நாம் கலைச்சொல்லின் முதல் பாதியில் உட்காரவைக்கலாமா?

அதனால் என் பரிந்துரை: நிகரேற்பு. உன் நாட்டு விதி என் விதியைப் போலவே இல்லாவிட்டாலும், அதே பாதுகாப்பைத் தருவதால் அதை நிகராக ஏற்கிறேன் என்று பொருள். வினையாகவும் எளிதாக விரிகிறது: 'நிகராக ஏற்க வேண்டும்', 'நிகரேற்க மறுத்தது'. நிகரேற்புக் கோட்பாடு, நிகரேற்பு உறுதிமொழி என்று அடுக்கினாலும் நாக்கு தடுக்கவில்லை.

> நிகர லாபம், நிகர எடை என்று கணக்கில் வருகிறதே, குழம்பாதா?

அக்கா கேட்டது நல்ல கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். புணர்ச்சியே இதைப் பிரித்துவிடுகிறது. நிகர் + ஏற்பு என்றால் நிகரேற்பு. கணக்கில் வரும் 'நிகர' சேர்ந்தால் நடுவில் உடம்படுமெய் வந்து 'நிகரவேற்பு' ஆகிவிடும். கேட்கும்போதே வேறுபாடு தெரியும்.

'ஒத்தேற்பு' என்று வந்த யோசனையும் பிடித்திருந்தது. ஆனால் இரண்டு விதிகளும் ஒத்திருக்க வேண்டும் என்று அது தொனிக்கிறது. ஒத்திராத விதிகளுக்குத்தான் இந்தக் கோட்பாடே தேவைப்படுகிறது. 'தடையிலா ஏற்பு' வேண்டாம். பொதுநலன், உடல்நலம், நுகர்வோர் பாதுகாப்பு என்ற காரணங்களால் தடுக்கும் வழி இன்னமும் திறந்தே இருக்கிறது.

ஓரிடத்தில் மட்டும் அங்கீகாரத்தை விட்டுவைக்கலாம். மருத்துவர், செவிலியர் போன்றோரின் தொழில் தகுதி பற்றிய ஒன்றியத்தின் 2005/36 நெறியுரையில் (directive), உரிய அதிகாரி சான்றிதழைப் பார்த்து முடிவு சொல்கிறார். அங்கே 'தகுதி அங்கீகாரம்' பொருத்தமாகவே இருக்கிறது.

சொல்லை ஒரு வாக்கியத்தில் ஓட்டிப் பார்த்தேன்: "கெட்டிக் கோதுமையில் மட்டுமே பாஸ்தா செய்ய வேண்டும் என்ற தன் விதியைக் காட்டி, வேறு உறுப்பு நாட்டில் சட்டப்படி செய்த சாதாரணக் கோதுமைப் பாஸ்தாவை இத்தாலி தடுக்க முடியாது, அதை நிகரேற்க வேண்டும்." 1988 வழக்கின் சாரம் இது. நன்றாகவே ஓடுகிறது என்று நினைக்கிறேன்.

அதே வழக்கிலிருந்து அடுத்த சொல்லும் தேவைப்படுகிறது. வெளிநாட்டுப் பாஸ்தாவுக்கு வழிவிட்ட பிறகும், உள்ளூர்க்காரர்மேல் மட்டும் அந்தப் பழைய விதியை இத்தாலி வைத்துக்கொள்ளலாம் என்றது நீதிமன்றம். சொந்த நாட்டு உற்பத்தியாளருக்கே கெடுபிடி கூடுதலாகிறது. இதற்குத் 'தலைகீழ்ப் பாகுபாடு' என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. 'தன்னவர்ப் பாகுபாடு' எப்படி இருக்கும்? வலி மிகுமா என்பதையும் இலக்கணம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.