கிணற்று மேட்டில் நின்றவர்கள்

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊரில் நடந்தது. தக்காளி லோடு ஏற்றிவிட்டு டீக்கடையில் நின்றிருந்தோம். ரோட்டோரக் கிணற்றில் பைக்கோடு ஒருத்தன் விழுந்துவிட்டான் என்று பையன்கள் ஓடி வந்தார்கள். பாறையைக் குடைந்து வெட்டிய கிணறு, 80 அடிக்குக் குறையாது, கைப்பிடிச் சுவர் கிடையாது. விழுந்தவன் வெளியூர்க்காரன். உள்திட்டில் கிடந்து முனகிக்கொண்டிருந்தான்.

"யாராவது இறங்குங்கப்பா" என்று எல்லாரும் கத்தினார்கள். கத்தியவர்கள் கண்ணெல்லாம் ஒரே ஆள் மேல் போனது. கிணறு தூர் வாருகிற அண்ணன். ஆடு விழுந்தாலும் பிணம் மிதந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அவர் முதலில் கேட்டது, "இன்னைக்கு உள்ளே இன்ஜின் ஓடுச்சா?"

மதியம்வரை டீசல் இன்ஜினைத் திட்டில் இறக்கித் தண்ணீர் இறைத்திருந்தார்கள். அதைக் கேட்டதும் கயிற்றைக் கீழே போட்டுவிட்டார். விளக்கை இறக்கிப் பார்த்தார்கள், அணையவில்லை. "எரியுதே, அப்புறம் என்ன?" என்றது கூட்டம். பிராணவாயு குறைந்தால்தான் விளக்கு அணையும். இன்ஜின் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடை விளக்கும் காட்டாது, மூக்கும் காட்டாது. காற்று புகாத கிணற்றில் அது லேசில் கலையாது. ஒருத்தரைத் தூக்கப் போய் அடுத்தடுத்து இறங்கியவர்களும் சாவது இப்படித்தான்.

"அங்கே உசுரு போகுது, நீ நியாயம் பேசிட்டிருக்க" என்று ஒரு பெரியவர் திட்டினார். அண்ணியும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தீயணைப்பு வண்டி வந்தது. முகமூடி, காற்று சிலிண்டர் மாட்டி இறங்கித் தூக்கினார்கள். உயிர் இருந்தது. 108 போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

'அப்பவே இறங்கியிருந்தா' என்று இன்றைக்கும் அவர் காதுபட இழுக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதுதான் ஆறவில்லை. சாக்கடைக் குழிக்குள் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்று 2013லேயே சட்டம் வந்துவிட்டது. (நடக்கிறதா என்பது வேறு கதை.) கிணற்று மேட்டில் மட்டும் கயிறு பிடிக்கத் தெரிந்தவன் தியாகியாகிவிட வேண்டுமா? இரக்கப்படுவது நாம், உயிரைப் பணயம் வைப்பது அவர் என்றால் அந்த இரக்கத்துக்கு என்ன மரியாதை?

இதைப் படித்துவிட்டு ஒகேனக்கல் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதிய பதில்:

எங்கப்பா பரிசல் ஓட்டி. கர்நாடக அணைகளைத் திறந்து மாநில எல்லையில் காவிரித் தண்ணீரை அளக்கிற பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறினால் பரிசலுக்குத் தடை, எங்களுக்குக் கூலியும் இல்லை. அந்த மாதிரி நாளில்தான் யாராவது செல்ஃபி எடுக்கத் தடுப்பைத் தாண்டிப் போய்ப் பாறையில் மாட்டுவார்கள். அப்படி ஒருமுறை அப்பா துடுப்பை எடுத்தபோது அம்மா பரிசலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. உதறிவிட்டுப் போனார், ஆளைக் கொண்டும் வந்தார்.

நீங்கள் சொன்ன அண்ணன் செய்தது சரிதான். ஆனால் போகாமல் இருந்திருந்தால் எங்கப்பாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது. வந்தவன் பேர்கூடச் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டான். அம்மாதான் ரொம்ப நாள் அப்பாவோடு பேசவில்லை.