எஞ்சிய பிழைகள் 33 என்று கணக்கு வருகிறது, நம்பலாமா? (அவசரம்)

குறில்நெடில்:
வணக்கம். எங்கள் குழுவில் இருவர் ஒரு மென்பொருளின் தேவை ஆவணத்தைத் (அது என்னென்ன செய்ய வேண்டும் என்று கூறும் ஆவணம்) தனித்தனியாகப் படித்து ஆய்வு செய்தார்கள். ஒருவர் 20 பிழைகளையும் மற்றவர் 16 பிழைகளையும் குறித்தார்கள். லிங்கன்-பீட்டர்சன் சூத்திரத்தில் (இருவரின் எண்ணிக்கைகளைப் பெருக்கி, இருவரும் பொதுவாகக் கண்டவற்றால் வகுப்பது) மொத்தம் 64 வருகிறது. அதாவது கண்டவை போக இன்னும் 33 ஒளிந்திருக்கின்றன. நாளைக் காலை மேலாளரிடம் சொல்ல வேண்டும். இது சரியா?

நிரல்தச்சன்:
இருவரும் பொதுவாகக் கண்டவை எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை. 20 × 16 = 320; அதை 5-ஆல் வகுத்தால்தான் 64 வரும் என்பதால் 5 என்று கொள்கிறேன். பொதுவானவை இவ்வளவு குறைவாக இருக்கும்போது, அதில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் விடை பெரிதும் மாறிவிடும். சிறிய எண்ணிக்கைகளில் இச்சூத்திரம் மிகைப்படுத்துவதைக் குறைக்கும் சேப்மன் திருத்தத்தைப் பயன்படுத்தினால் மொத்தம் ஏறத்தாழ 58 வரும். இருவருக்கும் ஒரே சரிபார்ப்புப் பட்டியலைத்தான் கொடுத்தீர்களா?

மூத்தவாசகர்:
அடிப்படையைப் படிக்காமல் சூத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வருபவர்களை இங்கே அடிக்கடி காண்கிறேன். ஏரியில் பிடித்த மீன்களுக்கு அடையாளமிட்டு விட்டுவிட்டு, மறுமுறை வலை வீசும்போது அடையாளமுள்ளவை எத்தனை சிக்குகின்றன என்று பார்க்கும் முறை இது. எல்லா மீன்களும் ஒரே அளவில் வலையில் சிக்கும் என்பது அதன் எடுகோள். பிழைகள் அப்படியல்ல. எளிய பிழைகளை இருவருமே கண்டுவிடுவதால் பொதுவானவை பெருகி, மதிப்பீடு உண்மையைவிடக் குறைந்துவிடும். 1992-இல் ஏடி&டி பெல் ஆய்வகத்தினர் இம்முறையை மென்பொருள் ஆய்வுகளுக்குக் கொண்டுவந்த பின், அதைச் சோதித்தவர்கள் நான்கு பேருக்குக் குறைவான குழுவில் இதை நம்ப வேண்டாம் என்றே பரிந்துரைத்தார்கள். உங்களிடம் இருப்பதோ இரண்டு பேர்.

விதைநெல்:
இந்த இடர்ப்பாடே வேண்டாம். ஐபிஎம் நிறுவனத்தின் ஹார்லன் மில்ஸ் 1972-இல் சொன்னபடி, தெரிந்தே பத்துப் பிழைகளை ஆவணத்தில் விதைத்துவிட்டு, அவற்றில் எத்தனை கண்டுபிடிக்கப்படுகின்றன என்று பாருங்கள். எட்டு அகப்பட்டால், இயல்பான பிழைகளிலும் ஏறத்தாழ எண்பது விழுக்காடு அகப்பட்டது என்று கொள்ளலாம்.

மூத்தவாசகர்:
நாம் விதைக்கும் பிழை நாம் எண்ணிப்பார்க்கக்கூடிய பிழை. யாரும் எண்ணிப்பார்க்காததால்தானே உண்மையான பிழை ஆவணத்துக்குள் நுழைகிறது? இரண்டும் ஒரே கடினமுடையவை என்பதை எப்படி ஏற்பது?

விதைநெல்:
எழுதியவரே விதைத்தால் நீங்கள் சொல்வது பொருந்தும். பழைய திட்டங்களில் உண்மையாகவே நடந்த பிழைகளை எடுத்து விதைத்தால் அந்தக் குறை பெருமளவு நீங்கும் என்பது என் உறுதியான கருத்து.

நிரல்தச்சன்:
விதைத்ததை முழுமையாகத் திரும்ப எடுக்காமல் விட்டால் அந்தப் பொறுப்பை யார் ஏற்பது? ஆய்வும் முடிந்துவிட்டது. இழையைத் தொடங்கியவரின் கேள்விக்கு வருவோம்.

கயல்விழியாள்:
ஆம். எனக்கு ஐயம் அந்த 5-இன் மீதுதான். ஒரே பிழையை ஒருவர் "காலாவதித் தேதி வரையறுக்கப்படவில்லை" என்றும், மற்றவர் "பிரிவு 4-இல் முரண்பாடு" என்றும் எழுதியிருந்தால், எண்ணுபவர் அவற்றை இரண்டாகவே கொள்வார். பொதுவானவை குறைந்தால் மொத்தம் வீங்கும். பிழையே அல்லாதவற்றைப் பிழை என்று குறித்திருந்தாலும் இதேதான் நடக்கும். ஒருவர் சோதனையாளர் நோக்கிலும் மற்றவர் வடிவமைப்பாளர் நோக்கிலும் படித்திருந்தால் இன்னும் மோசம். தயவுசெய்து இருவரையும் அருகருகே அமர்த்தி, பட்டியல்களை வரி வரியாக ஒப்பிடுங்கள்.

குறில்நெடில்:
அனைவருக்கும் நன்றி. இருவருக்கும் ஒரே சரிபார்ப்புப் பட்டியலைத்தான் கொடுத்திருந்தோம். இன்று மாலை இருவரும் அமர்ந்து ஒப்பிட்டார்கள். முதலாமவரின் பட்டியலில் மூன்றும் இரண்டாமவரின் பட்டியலில் ஒன்றும் பிழைகளே அல்ல. மீதமுள்ள 17, 15 ஆகியவற்றில் பொதுவானவை 8. சேப்மன் கணக்கில் மொத்தம் 31, கண்டவை 24, எஞ்சியவை 7. இருவர் மட்டுமே படித்ததால் இது குறைவான மதிப்பீடாக இருக்கலாம் என்பதையும் எழுதி, மூன்றாமவர் ஒருவரும் படிக்க வேண்டும் என்று மேலாளரிடம் கேட்கப்போகிறேன்.